பிளாந்தேயின் 1928 இசைத்தட்டைக் கணினிக்கு ஏற்றும்போது

பிரெஞ்சு பியானோ கலைஞர் பிரான்ஸிஸ் பிளாந்தே பிறந்தது 1839இல். 89 வயதில், 1928இல், தென்மேற்கு பிரான்சின் மோன்-த-மார்சானில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஷோப்பானின் எத்யூதுகள் (பயிற்சி வடிவிலான பியானோ உருப்படிகள்) சிலவற்றை வாசித்தார். அந்த அரக்குத் தட்டைத் தப்பாக ஏற்றிவிட்டு, 'கிழவருக்கு விரல் ஓடவில்லை' என்று பழி போடுவது சுலபம்.

முதலில் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீரில் அயனியற்ற சோப்புத் திரவம் ஓரிரு சொட்டு போதும். லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட், ஆல்கஹால் கிட்டவே வேண்டாம், அரக்கு கரைந்துவிடும்.

பிற்கால எல்பி இசைத்தட்டுக்கான ஊசியின் முனை சுமார் 25 மைக்ரான்தான். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர் பெற்ற இந்த 78 தட்டின் அகலமான பள்ளத்தில் அது அடிவரை இறங்கி, அங்கே கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். சுமார் 75 மைக்ரான் ஊசி போட்டு, 3 முதல் 5 கிராம் அழுத்தம் கொடுங்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஸ்டீரியோ என்றால் இரு சேனலையும் மோனோவாகச் சேர்த்துவிடுங்கள். ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் கரகரப்பு பெருமளவு அடங்கும்.

இனி வேகம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். 78 என்பது வெறும் பெயர். அக்காலக் கொலம்பியா தட்டுகள் பல 80இல் பதிவானவை. 80இல் ஓட வேண்டியதை 78இல் ஓட்டினால் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய பாதி இறங்கும், நடையும் தளரும். இந்த எத்யூதுகளில் ஒன்றான ஓபஸ் 10, எண் 7 சி மேஜரில் இருப்பது வசதி. கடைசி கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) நடு சிக்கு மேலுள்ள சியை அளந்து பாருங்கள். ஏ சுரத்தை 435 ஹெர்ட்ஸில் வைக்கும் பிரான்சின் பழைய அளவுப்படி அது 517 ஹெர்ட்ஸ், ஏ 440 என்றால் 523. 504 என்று காட்டினால் தட்டு மெதுவாக ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் விளக்கின் கீழ், தட்டின் மேல் வைத்த, 75 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டின் (வேகம் பார்க்கும் வட்டின்) கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் சரியாக 80.

நீண்ட சுரம் வினாடிக்கு ஒருமுறைக்குச் சற்று அதிகமாக ஆடுகிறதா? நடுத்துளை மையத்தில் இல்லை. வயலினில் இது மறைந்துபோகும், பியானோவில் முடியாது. தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

எல்பிக்கான ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன் (தாழ், உயர் ஒலிகளின் அளவைச் சரிக்கட்டும் முறை) 1950களில் வந்தது. அதன் வழியே போனால் 10 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல் அடிபட்டு, பியானோவின் சுத்தியலில் பஞ்சு சுற்றியதுபோல் கேட்கும். ஈக்வலைசேஷன் இல்லாமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்துகொண்டு, சுமார் 250–300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ் ஒலிகளின் அளவை மட்டும் பிறகு ஏற்றுங்கள்.

கிளிக் நீக்கும் மென்பொருளுக்குக் கீறலும் சுத்தியலடியும் ஒன்றுதான். நீக்கியதை மட்டும் தனியே கேட்கும் வசதி இருக்கும். அதில் ராகம் பிடிபட்டால் வாசிப்பையே தின்கிறது என்று அர்த்தம், அளவைக் குறையுங்கள். இரைச்சல் நீக்கியை மிஞ்சிப் போட்டால் சுரத்தின் வால் அறுந்துபோகும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

எண் 7 முடிந்ததும் ஃபேடு போட்டு ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். கடைசி கார்டுக்குப் பின் ஒரு குரல் கேட்கும், அது பிளாந்தேயுடையது.