பேட்ச் கிளாம்ப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்ச் கிளாம்ப் என்பது, கரைசல் நிரப்பிய நுண்ணிய கண்ணாடிக் குழாயின் (பிப்பெட்) முனையைச் செல்லின் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் முறை. எலி மூளையைச் சுமார் 300 மைக்ரான் தடிமனில் சீவி, நரம்பு செல்களின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும்போது, செல் கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கும் பல கோளாறுகள் கரைசலில்தான் தொடங்குகின்றன.

மூளைச் சீவலை மூழ்கவைக்கும் செயற்கை மூளைத்தண்டுவடத் திரவத்தில் கால்சியம் குளோரைடைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவைக் குமிழியிட்டு, பிஎச் 7.4க்கு அருகே வந்தபிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் கால்சியம் வீழ்படிவாகிக் கரைசல் கலங்கும். வடிகட்டிச் சமாளிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். சினாப்ஸில் (இரு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில்) நரம்புக்கடத்தி வெளிவரத் தேவையான கால்சியம் அந்தப் படிவோடு போயிருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது பிப்பெட்டுக்குள் இருந்து செல்லுக்குள் கலக்கும் குளோரைடு. 140 மில்லிமோலார் சீசியம் குளோரைடு நிரப்பினால், அடக்கும் நரம்புக்கடத்தியான காபாவின் ஏற்பிகளுடைய திருப்ப மின்னழுத்தம் (மின்னோட்டம் சுழியாகித் திசை மாறும் மின்னழுத்தம்) 0 மில்லிவோல்ட் பக்கம் வந்துவிடும். செல்லை -70 மில்லிவோல்டில் பிடித்திருந்தால் காபா மின்னோட்டமும், தூண்டும் நரம்புக்கடத்தியான குளுட்டமேட்டின் மின்னோட்டம் போலவே கீழ்நோக்கிப் பாயும். அடக்கும் சமிக்ஞையைத் தூண்டும் சமிக்ஞை என்று எண்ணிவிடுவோம். 8 மில்லிமோலார் குளோரைடுள்ள பொட்டாசியம் குளுக்கோனேட் கரைசலிலோ அதே -70இல் காபா கண்ணுக்கே தெரியாது. அதனால் காபா இல்லை என்று எழுதிவிடக் கூடாது. திசையை நம்பாமல் மருந்தால் சோதியுங்கள்: காபா ஏற்பியைத் தடுக்கும் காபாசைன் (gabazine) 10 மைக்ரோமோலார் இட்டதும் மறைவது காபா.

குளுக்கோனேட் கரைசலுக்கு இன்னொரு குணமும் உண்டு. பிப்பெட் கரைசலும் வெளிக்கரைசலும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் திரவச் சந்தி மின்னழுத்தம் ஏறத்தாழ 15 மில்லிவோல்ட் இருக்கும். திரையில் -60 என்றால் சவ்வில் -75. திருத்தினீர்களா இல்லையா என்பதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள்.

தொடர் மின்தடையை (பிப்பெட்டுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையிலான தடையை) ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு மறப்பதும் பெரிய தவறு. ஈடுசெய்யாத 20 மெகாஓம் தடை வழியே 1 நானோஆம்பியர் பாய்ந்தால் 20 மில்லிவோல்ட் பிழை. சோடியம் மின்னோட்டம் இதைவிடப் பெரியது. அதில் மின்னழுத்தத்தின் மீதான உங்கள் கட்டுப்பாடு பெயரளவுக்குத்தான். பிப்பெட் முனை மெல்ல அடைபட்டாலும் சினாப்ஸ் மின்னோட்டம் சிறுத்துக்கொண்டே போகும், அது சினாப்ஸ் பலவீனமானது போலவே தோன்றும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 5 மில்லிவோல்ட் துடிப்பு கொடுத்து அந்தத் தடையை அளந்து, அது 20 சதவீதத்துக்கு மேல் மாறிய பதிவை விலக்கிவிடுங்கள்.

பிப்பெட் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, அதிலுள்ள ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) சிதையாதபடி நாள் முழுக்க ஐஸில் வையுங்கள்.