டி-ஷர்ட் டிசைன்ல தெரியாம வந்து ஒட்டிக்கிற வில்லங்கச் சின்னத்தை பிரிண்டுக்கு முன்னாடியே புடிக்கிறது எப்படி

திருப்பூர்ல ஆர்ட்வொர்க் வேலைக்கு புதுசா வர்ற பசங்க, வீட்ல இருந்தே டி-ஷர்ட் டிசைன் பண்ணி ஆன்லைன்ல விக்கிறவங்க, ரெண்டு பேருக்கும் சேத்துதான் இதை எழுதறேன். சாஃப்ட்வேர் எல்லாம் யூட்யூப் பாத்தே கத்துக்கலாங்க, ஆனா இந்த விஷயத்தை யாரும் உக்காந்து சொல்லித்தர மாட்டாங்க, சரக்கு திரும்பி வந்தப்பறம்தான் தெரியும்.

எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, வேலைக்கு சேந்த புதுசுல ஒரு ஜெர்மன் பையருக்கு (நம்மகிட்ட சரக்கு வாங்கற கம்பெனி) பசங்க டி-ஷர்ட் ஆர்டர். கருப்பு துணியில வெள்ளை மின்னல், ஒண்ணு போட்டா வெறிச்னு இருக்குன்னு பக்கத்துலயே இன்னொண்ணு போட்டேன், சும்மா கூரா நச்சுனு வந்துச்சு, நானே ரசிச்சுகிட்டு ஸ்ட்ரைக் ஆஃபுக்கு, அதான் துணியில போட்டுப் பாக்கற மாதிரி பிரிண்டுக்கு, அனுப்பிட்டேன். அன்னைக்கு சாயங்காலமே பையர்கிட்ட பேசி ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் அக்கா போன். "டேய் தம்பி, இதை அனுப்புனா ஆர்டர் இல்ல, பையரே போயிருவான்டா". எனக்கு ஒண்ணுமே புரியல. மின்னல்தானே அக்கான்னேன். ஒரு மின்னல்னா மின்னல், ரெண்டு மின்னல்னா ஹிட்லரோட எஸ்எஸ் படை, அவங்க காலர்ல குத்தியிருந்த பேட்ஜ் அதுதான்னு அந்தக்கா சொன்னப்பறம்தான் போய் தேடிப் பாத்தேன். பாத்ததும் வயித்த கலக்கிருச்சு.

நமக்கு ஏன் கண்ல படலன்னு கேட்டா, நம்ம ஊர்க் கண்ணு வேற. ஒரு செடி நர்சரிக்கு லோகோ போடச் சொல்லி பச்சையா ரெண்டு இலை வரைஞ்சு காட்டுங்க, டீக்கடையில நிக்கிறவர்கூட "எந்தக் கட்சிங்க?"ன்னு கேப்பாரு. ஸ்வீடன்ல இருக்க டிசைனருக்கு அது வெறும் இலை. அப்படியே திருப்பிப் போட்டா நாம.

பெரிய கம்பெனிங்களே இதுல வழுக்கி விழுந்திருக்காங்க, அதனால வெட்கப்பட ஒண்ணுமில்ல. 2024 யூரோ கோப்பைக்கு அடிடாஸ் பண்ணுன ஜெர்மனி டீம் ஜெர்சியை எடுத்துக்குங்க. அதுல நம்பருக்குன்னு தனி ஃபான்ட், 4ங்கிற நம்பர் கோணலா கூரா இருக்கும். ஒரு 4 பாத்தா ஒண்ணும் தோணாது. 44 போட்டா அதே எஸ்எஸ் மின்னல். ஜெர்மன் ஃபுட்பால் சங்கம் சொன்ன விளக்கம்தான் நமக்குப் பாடம்: 0 முதல் 9 வரைக்கும் ஒவ்வொரு நம்பரையும் பாத்துட்டுதான் யூரோ கோப்பையை நடத்தற யூஈஎஃப்ஏவுக்கு அனுப்புனோம், அந்த நேரத்துல யாருக்கும் இப்படி தோணலன்னாங்க. ஒவ்வொண்ணா பாத்திருக்காங்க. ரெண்டு 4 சேந்தா எப்படி இருக்கும்னு பாக்கல. அந்த டோர்னமெண்ட்ல ஒரு டீமுக்கு 26 பேருதான், நம்பரும் அதுக்குள்ளதான், அதனால கிரவுண்ட்ல எந்த பிளேயரும் 44 போடப் போறதில்ல, ஆனா ஆன்லைன்ல ரசிகருங்க தனக்குப் புடிச்ச நம்பர் போட்டு வாங்கலாமே, அங்கதான் மாட்டுச்சு. ஏப்ரல் மாசம் 44 ஆர்டர் எடுக்கறதை நிறுத்துனாங்க, 4-ஐ வேற மாதிரி வரையறோம்னும் சொன்னாங்க.

இதுல இருந்து நான் புடிச்சுகிட்டது ஒண்ணுதான், கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் அதோட வால்தான்: தனித்தனியா பாத்தா எல்லாமே நல்ல பிள்ளைங்க, சேரும்போதுதான் வில்லங்கம்.

ஸ்டெப் 1: டிசைன்ல என்னென்ன இருக்குன்னு பேப்பர்ல எழுதுங்க

வடிவம், எத்தனை தடவை வருது, கலர், கோடு இருந்தா அகலம், நம்பர், எழுத்து, உடம்புல எந்த இடத்துல வருது, போடறது பெரியவங்களா குழந்தையா. கடைசி ரெண்டை பாதிப்பேர் எழுதறதே இல்ல. ஏன் முக்கியம்னு அடுத்த ஸ்டெப்ல புரியும்.

ஸ்டெப் 2: எழுதுனதை ரெண்டு ரெண்டா, மூணு மூணா சேத்துப் பாருங்க

இதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும். 2014 ஆகஸ்ட்ல ஸாராங்கிற பெரிய துணி பிராண்ட் ஒரு குழந்தைங்க டி-ஷர்ட் விட்டாங்க. நீலம் வெள்ளை கோடு, நெஞ்சுல இடது பக்கம் மஞ்சளா ஆறு முனை நட்சத்திரம். அவங்க மனசுல இருந்தது கௌபாய் படத்துல வர்ற ஷெரிஃப், அதான் நட்சத்திர பேட்ஜ் குத்துன போலீஸ்காரர், நட்சத்திரத்துல அந்த வார்த்தையும் இருந்துச்சு, ஆனா எட்ட இருந்து பாத்தா படிக்கவே முடியாது. பாத்தவங்களுக்கு என்ன தெரிஞ்சுது? ஹிட்லரோட நாஜி வதை முகாம்ல கைதிங்க போட்டிருந்த கோடு போட்ட உடுப்பு. 1941 செப்டம்பர்ல நாஜி ஜெர்மனி போட்ட உத்தரவுப்படி ஆறு வயசு தாண்டுன யூதர்கள் எல்லாரும் இடது நெஞ்சுல மஞ்சள் நட்சத்திரம் தைச்சுக்கணும். இப்ப உங்க பேப்பரைப் பாருங்க: கோடு தப்பில்ல, நட்சத்திரம் தப்பில்ல, மஞ்சள் தப்பில்ல, நெஞ்சும் தப்பில்ல, நாலும் ஒரு குழந்தை மேல வந்து உக்காந்தா? சில மணி நேரத்துலயே விக்கிறதை நிறுத்தி மன்னிப்பு கேட்டாங்க.

ஆறு முனை நட்சத்திரம் நமக்கு முருகன், அறுகோணம், வாசல்ல போடற கோலம். அதனாலதான் நம்ம கண்ணு தாண்டிப் போயிருது, நம்ம மேல தப்பில்ல, ஆனா சரக்கு போற ஊர் வேற.

அடுத்த வருஷமே அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் கடையில சுவத்துல மாட்டற ஒரு துணி, சாம்பல் வெள்ளை கோடு மேல பிங்க் முக்கோணம். பிங்க் முக்கோணம்ங்கிறது முகாம்ல ஓரினச் சேர்க்கையாளர்னு புடிச்சுப் போட்ட ஆம்பளைங்களுக்கு குத்தி விட்ட அடையாளம். மறுபடியும் அதே கதை, கோடு பிளஸ் வடிவம். அதனால என்னோட சொந்த ரூல் ஒண்ணு, ஸ்ட்ரைப் துணி மேல நட்சத்திரம், முக்கோணம் ரெண்டும் வைக்கவே மாட்டேன், பையர் கேட்டாலும் ஒரு தடவை திருப்பிக் கேப்பேன்.

ஸ்டெப் 3: நம்பர், எழுத்து இருந்தா தனியா ஒரு ரவுண்டு

சும்மா அழகுக்கு காலேஜ் ஸ்டைல்ல நம்பர் போடறோம்ல, அதுல 88 வேண்டாம். ஆங்கில எழுத்து வரிசையில எட்டாவது ஹெச், அதனால 88ன்னா "ஹைல் ஹிட்லர்" (ஹிட்லர் வாழ்க)னு நியோ நாஜிங்க, அதான் இன்னைக்கும் ஹிட்லரைக் கொண்டாடற கும்பல், வச்சிருக்க ரகசியக் குறி. 18ன்னா ஏ, ஹெச், அடால்ஃப் ஹிட்லரோட இனிஷியல். 14-ம் அவங்க குறிதான், தனியா வந்தா பெரும்பாலும் சாதாரண நம்பராத்தான் இருக்கும், அதுவே 88 கூட சேந்து வந்தா பச்சையான இனவெறி கோஷம். சீனாவுல 88 ராசியான நம்பர், அது வேற விஷயம், அதனாலதான் எந்த ஊருக்கு போகுதுன்னு முதல்ல கேளுங்கன்னு சொல்றேன். கஸ்டமரே பேரும் நம்பரும் போட்டுக்கற மாதிரி கடை நடத்தறீங்கன்னா, 00ல இருந்து 99 வரைக்கும் நூறு நம்பரையும் உங்க ஃபான்ட்ல ஒரே ஷீட்ல போட்டு கண்ணால பாத்துருங்க, பத்து நிமிஷ வேலை.

எழுத்துல இன்னொரு கூத்து இருக்கு. லான்ஸ்டேல்னு ஒரு பிரிட்டிஷ் பாக்ஸிங் பிராண்ட். நெஞ்சுல இருக்க பேருக்கு மேல ஜாக்கெட் போட்டு பாதி ஜிப்பைத் திறந்தா நடுவுல என், எஸ், டி, ஏ நாலு எழுத்து மட்டும் தெரியும், ஹிட்லர் கட்சிப் பேரோட சுருக்கத்துல கடைசி ஒரு எழுத்துதான் குறைச்சல். ஜெர்மனியில நியோ நாஜிங்க இதைக் கண்டுபுடிச்சு தேடித்தேடி வாங்க ஆரம்பிச்சானுங்க, கம்பெனி இனவெறிக்கு எதிரா விளம்பரம் பண்ணியே பேரை மீட்க வேண்டியதாப் போச்சு. அதனால நெஞ்சு பிரிண்ட்னா மேல ஜாக்கெட் போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் மறைச்சு ஒரு தடவை பாருங்க.

ஸ்டெப் 4: ஆல் ஓவர் பிரிண்டா? ஒரு கட்டத்தைப் பாக்காதீங்க, ஒன்பது கட்டத்தைப் பாருங்க

ஆல் ஓவர் பிரிண்ட்னா துணி முழுக்க திரும்பத் திரும்ப வர்ற டிசைன், அப்படி திரும்ப வர்ற ஒரு கட்டம்தான் ரிபீட் டைல். அது ஒண்ணை மட்டும் ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பாத்துட்டு ஓகே சொல்றதுதான் பிகினருங்க பண்ற முதல் தப்பு. ஒண்ணோட ஒண்ணு கோத்துகிட்டுப் போற நேர்கோட்டு டிசைன் இருக்குல்ல, அதுல ரெண்டு டைல் சேர்ற ஜாயிண்ட்ல ஸ்வஸ்திகா தானா முளைக்கும். 2014 டிசம்பர்ல அமெரிக்காவுல வால்கிரீன்ஸ் கடையில ஹால்மார்க்கோட கிஃப்ட் பேப்பர், அதுவும் யூதர்களோட ஹனுக்கா பண்டிகைக்குன்னு போட்டது, அதுக்குள்ள ஸ்வஸ்திகா இருக்குன்னு ஒரு கஸ்டமர் கண்டுபுடிச்சு எல்லாத்தையும் எடுக்க வேண்டியதாச்சு. மூணுக்கு மூணு டைல் போட்டு, ஜூம் அவுட் பண்ணி, கண்ணை லேசா சுருக்கிப் பாருங்க. கோடா தெரியற இடத்தை மட்டுமில்ல, நடுவுல விடற காலி இடத்தையும் பாருங்க, வில்லங்கம் அங்கயும் ஒளிஞ்சிருக்கும்.

ஸ்வஸ்திக் நம்ம வீட்ல கணக்கு நோட்டு முதல் பக்கத்துல போடறதுதானேன்னு வாதம் பண்ணாதீங்க. 2007ல ஸாரா வித்த ஒரு ஹேண்ட்பேக்ல எம்பிராய்டரி பண்ணியிருந்தது அதுதான், பை இந்தியாவுல பண்ணுனது, பிரிட்டன்ல ஒருத்தங்க வாங்கிப் பாத்து சொன்னப்பறம் கடையில இருந்து எடுத்தாங்க. எம்பிராய்டரி போட்டவர் மனசுல மங்களம்தான் இருந்திருக்கும். ஏற்றுமதிக்குப் போறதுல அதை வைக்காதீங்க, அவ்ளோதான்.

ஸ்டெப் 5: தலைகீழா, கண்ணாடியில பாக்கற மாதிரி, சாய்ச்சு

90 டிகிரி, 180 டிகிரி, மிர்ரர். 1997ல நைக்கி ஷூ ஒண்ணுல "ஏர்"ங்கிற வார்த்தையை தீ எரியற மாதிரி வளைச்சு வளைச்சு எழுதுனாங்க, அரபி படிக்கிறவங்களுக்கு அது அல்லாஹ்னு எழுதுன மாதிரி தெரிஞ்சுது, அதுவும் கால்ல போடற செருப்புல. கிட்டத்தட்ட 38,000 ஜோடியைத் திருப்பி எடுத்தாங்க. அரபி வலப்பக்கத்துல இருந்து படிக்கிற எழுத்துங்கிறது டிசைனருக்கு அன்னைக்கு ஞாபகம் வந்திருக்காது. தெரியாத மொழி எழுத்தை அழகுக்காக எடுத்து ஒட்டவும் ஒட்டாதீங்க, 1994ல ஷனேல்ங்கிற ஃபேஷன் கம்பெனியோட கவுன்ல அப்படி குரான் வரி வந்து அவங்க மன்னிப்பு கேட்டாங்க.

ஸ்டெப் 6: தேடுங்க, கேளுங்க

டிசைனோட ஸ்கிரீன்ஷாட்டை கூகுள் லென்ஸ்ல போடுங்க. கலர்ல ஒரு தடவை, கருப்பு வெள்ளையில ஒரு தடவை, பாகம் பாகமா வெட்டி ஒரு தடவை. அமெரிக்காவுல ஏடிஎல்னு ஒரு அமைப்பு வெறுப்புச் சின்னங்களுக்குன்னே இலவசமா ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க, ஒரு நாள் சும்மா உக்காந்து முழுசா புரட்டிப் பாருங்க, அப்பறம் கண்ணு தானா பழகிரும். அதுல இருக்கறதெல்லாம் தடைன்னு நினைச்சுக்காதீங்க, சூழ்நிலையைப் பொறுத்துதான்னு அவங்களே எழுதியிருப்பாங்க.

எந்த நாட்டுக்கு போகுதோ அதுக்கு ஏத்த மாதிரி தேடணும். ஜெர்மனின்னா நாஜி சின்னத்தை வெளிய காட்டறதே கிரிமினல் குத்தம், சட்டப்பிரிவு 86ஏ, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அபராதம். கொரியான்னா சிவப்புக் கதிர் சுத்திலும் விரியற சூரியனை வைக்காதீங்க, அது ஜப்பான் ராணுவக் கொடி, அங்க அது ஆறாத காயம். ஸ்டாக் சைட்ல ரெட்ரோ சன்பர்ஸ்ட்னு போட்டு நாம டவுன்லோட் பண்றதுல பாதி இந்த ரகம்தான்.

இவ்ளோ பண்ணியும் ஒண்ணும் செய்ய முடியாத கேஸ் இருக்கு. ஃப்ரெட் பெர்ரிங்கிற பிராண்டோட கருப்பு மஞ்சள் போலோ டி-ஷர்ட் பல வருஷமா வித்தது, அதுல எந்தத் தப்பும் கிடையாது, ப்ரௌட் பாய்ஸ்னு ஒரு தீவிர வலதுசாரி கும்பல் அதை யூனிஃபார்ம் மாதிரி போட ஆரம்பிச்சதால 2020ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் இனி விக்கிறதில்லன்னு அறிவிச்சாங்க. அதுக்கு டிசைனர் என்ன பண்ணுவான் பாவம்.

ஸ்டெப் 7: சந்தேகம் வந்தா மெயில் போடுங்க, வாயால சொல்லாதீங்க

பையர் அனுப்புன ஆர்ட்வொர்க்லயே பிரச்சினை தெரிஞ்சா "அவங்க டிசைன்தானே, நமக்கென்ன"ன்னு விட்றாதீங்க, சரக்கு நின்னா கடைசியில யார் தலையில விடியும்னு உங்களுக்கே தெரியும். மெர்ச்சண்டைசர் வழியா ரெண்டு படம் வச்சு ஒரு மெயில், இடது பக்கம் நம்ம டிசைன், வலது பக்கம் அது எது மாதிரி இருக்கோ அந்தப் படம், கீழ ஒரே வரி: "இந்த ரெண்டும் ஒண்ணா தெரியுது, இப்படியே போகலாமான்னு உறுதி பண்ணுங்க". நீங்களே முந்திகிட்டு டிசைனை மாத்தி அனுப்பாதீங்க, அது வேற சண்டையாயிரும். கூடவே ஒரு மாத்து வழி மட்டும் சொல்லி வைங்க, என் மின்னலுக்கு அந்தக்கா சொன்னது ரொம்ப சிம்பிள்: ஒண்ணை எடுத்துரு, இருக்கறதுக்கு மஞ்சள் கலர் போட்டு பக்கத்துல ஒரு மேகத்தை வை. அப்படியே போச்சு அந்த ஆர்டர். ரிப்ளை கையில வர்ற வரைக்கும் மட்டும் பிரிண்டுக்கு ஸ்கிரீன் போடச் சொல்லிராதீங்க.