அனிமேஷன் வகுப்பில் சேர்ந்தாச்சா? முதலில் ஒரு பந்தைத் துள்ள வையுங்கள்

டிசைன் வகுப்பில் அனிமேஷன் தொடங்கியதும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், ஒரு ஆளை உருவாக்கி ஓடவிட்டுச் சண்டை போடவிட்டு ஒரு குறும்படமே முடித்துவிடலாம் என்று தோன்றும். நானும் முதல் மூன்று வாரம் ஒரு உருவத்துக்கு முடியும் சட்டையும் செய்வதிலேயே செலவழித்தேன். கடைசியில் நடக்கவிட்டால் அது தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது. காரணம், உடம்புக்கு எடை இருக்கிறது என்பதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுப்பது பந்துதான்.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ஏ4 தாளும் அடிக்கோலும் எடுங்கள். தாளின் மேல்பக்கத்தில் ஒரு பந்து. அதிலிருந்து 1 செ.மீ. கீழே அடுத்தது, அதிலிருந்து 3 செ.மீ. கீழே இன்னொன்று, அப்புறம் 5, 7, 9. மொத்தம் 25 செ.மீ., தாளுக்குள் அடங்கிவிடும். கீழே விழும் எந்தப் பொருளும் சம நேரத்தில் கடக்கும் தூரம் இந்த 1, 3, 5, 7 கணக்கில்தான் கூடிக்கொண்டே போகும். மேலே பந்துகள் நெருங்கி இருக்கும், கீழே வர வர விலகும். பார்ப்பவர் கண் எடையை உணர்வது இந்த இடைவெளியில்தான், பந்தின் நிறத்திலோ பளபளப்பிலோ இல்லை. தாளைக் கண்ணெதிரே ஒட்டி வையுங்கள்.

சரி, இப்போது மென்பொருள். பிளெண்டர் இலவசம், இந்தப் பயிற்சிக்கு அது தாராளம். வேகம் வினாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேம் என்பது ஒரு படம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட ஏறக்குறைய 0.45 வினாடி ஆகும், அதாவது 11 ஃபிரேம். அதனால் 1ஆம் ஃபிரேமில் பந்து உச்சியில், 12இல் தரையில். ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால் 20இல் அரை மீட்டர், 28இல் தரை, 33இல் கால் மீட்டர், 38இல் மறுபடி தரை. இந்த ஆறு இடங்களில் மட்டும் கீஃபிரேம் (பந்து எங்கே இருக்க வேண்டும் என்று நாமே குறித்துவைக்கும் ஃபிரேம்) வையுங்கள், ஓடவிடுங்கள்.

பஞ்சு மூட்டை மாதிரி மெதுவாக வந்து தரையில் அமரும். பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள், ஆனால் உண்மையான பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே உள்ளதைக் கம்ப்யூட்டர் நிரப்பும்போது இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்து வழவழப்பாக்கிவிடுகிறது. உச்சியில் அது சரி, தரையில் தவறு. பந்து தரையில் மோதும் அந்தக் கணத்தில்தான் வேகம் அதிகம். பந்தின் அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து தரையைத் தொடும் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘வி’ விசையை அழுத்தி, வெக்டர் என்பதைக் கொடுங்கள். அந்த இடங்களில் கோடு கூர்மையாக மடங்கும், உச்சிகள் வில்லாக வளைந்தே இருக்கட்டும். மறுபடி ஓடவிட்டால் பந்துக்குச் சட்டென்று எடை வந்திருக்கும். எனக்கு அது முதன்முதலில் வந்த அன்று ஐம்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

அப்புறம் நசுக்கலும் நீட்டலும். தரையைத் தொடும் ஒரே ஒரு ஃபிரேமில் உயரத்தை 0.7 மடங்கு ஆக்கினால் அகலத்தையும் ஆழத்தையும் 1.2 மடங்கு ஆக்க வேண்டும், அப்போதுதான் பந்தின் கனஅளவு மாறாது. உயரத்தை மட்டும் குறைத்தால் காற்று இறங்கிய பலூன் ஆகிவிடும். பந்தின் மையப்புள்ளியை முன்பே அடிப்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நசுங்கும்போது பந்து தரையை விட்டு எழும்பி நிற்கும். ரப்பர் பந்துக்குக் கொஞ்சம் நசுங்கினால் போதும், இரும்புக் குண்டுக்கு அறவே வேண்டாம்.

நிஜப் பந்தைப் போனில் படம்பிடித்து ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். ஸ்லோ மோஷனில் எடுக்காதீர்கள், நேரக்கணக்கு குழம்பிவிடும்.

பந்து கைவந்தபின் அதற்கு ஒரு வால் ஒட்டுங்கள். பந்து திசை மாறினாலும் வால் சில ஃபிரேம் தாமதித்தே திரும்ப வேண்டும். நடையை அதற்கப்புறம் தொடலாம்: ஒரு அடிக்கு 12 ஃபிரேம், இரண்டு அடிக்கு 24, ஒவ்வொரு அடியிலும் உடம்பு ஒருமுறை தாழ்ந்து ஒருமுறை உயர வேண்டும். முகம், விரல் எல்லாம் பிறகு.

வகுப்பில் காட்டும்போது முடித்த வேலையைக் காட்டக் காத்திருக்காதீர்கள். நிறமில்லாத, கீஃபிரேம் மட்டும் வைத்த நிலையிலேயே காட்டினால் ஆசிரியர் சொல்லும் திருத்தத்தைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம், ரெண்டர் (கம்ப்யூட்டர் இறுதிப் படங்களை உருவாக்கும் வேலை) முடித்தபின் என்றால் ஒரு ராத்திரி போய்விடும். ரெண்டரையும் நேராக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக எடுத்துப் பிறகு கோர்த்துக்கொள்ளுங்கள், நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் விட்ட ஃபிரேமிலிருந்தே தொடரலாம்.