நூல் கவுண்ட் சீராக இருக்கிறதா? ஷீட்டில் கணக்குப் போடும் முறை

கோவை, உடுமலைப் பக்க மில்களில் ராப் ரீலில் (நூலை அளந்து சுற்றும் ராட்டை) 120 கெஜம் நூலைச் சுற்றி எடுப்பது ஒரு லீ. அதன் எடையைக் கிராமில் பார்த்து, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும், அதாவது நூலின் மெலிவைக் காட்டும் எண்; எண் கூடினால் நூல் மெலிது. 30 கவுண்ட் நூலுக்கு லீ 2.16 கிராம். சராசரி 30 வந்ததும் கணக்கை மூடிவிடக் கூடாது. ஒரு காப்பில் (நூல் சுற்றிய குழல்) 28, அடுத்ததில் 32 என்றாலும் சராசரி 30தான். அந்த நூல் திருப்பூரில் பனியன் துணியாகும்போது பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது சிவி சதவீதம், அதாவது கவுண்ட் எவ்வளவு சிதறுகிறது என்பதைச் சராசரியின் சதவீதமாகச் சொல்லும் அளவு.

எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் வழி ஒன்றே. ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழில் எழுதினாலும் ஷீட்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: IF, COUNT, AVERAGE, STDEV.S, STDEV.P, MEDIAN, MIN, MAX. கட்டங்களின் ஏ, பி, சி என்பவை A, B, C.

ஏ நெடுவரிசையில் காப் எண், பி-யில் (பி2 முதல் பி11 வரை) எடை. பத்து லீ என்று வைத்துக்கொள்வோம்: 2.14, 2.18, 2.16, 2.20, 2.12, 2.17, 2.15, 2.19, 2.13, 2.16. சி2-இல் =இஃப்(பி2>0,64.8/பி2,"") என்று போட்டு சி11 வரை இழுங்கள். வெறும் 64.8/பி2 போட்டால், எடை ஏறாத ஒரு கட்டம் பூஜ்ய வகுத்தல் பிழை காட்டும். கீழே சராசரியும் பிழையாகிவிடும். எடையோடு "கிராம்" என்று சேர்த்து அடிப்பதும் இதே வம்புதான், அது எண்ணாக இராது. எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணும் =கவுண்ட்(சி2:சி11) ஃபங்ஷன் பத்து காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு ஆவரேஜ்: 30.00. சிவிக்கு =ஸ்டிடெவ்.எஸ்(சி2:சி11)/ஆவரேஜ்(சி2:சி11)*100. விடை 1.20. ஸ்டிடெவ்.பி போட்டால் 1.13 வரும், நூல் நல்லதாகத் தோன்றும், ஆனால் கணக்கு தப்பு. பத்து லீ என்பது மொத்த லாட்டிலிருந்து எடுத்த சாம்பிள்தானே, அதனால் ஸ்டிடெவ்.எஸ்தான் சரி. ஸ்டிடெவ்.பி-யில் வகுப்பது 10-ஆல், ஸ்டிடெவ்.எஸ்-இல் 9-ஆல்.

இனி புள்ளி தவறிய எடை. கடைசி 2.16-ஐ 21.6 என்று அடித்துவிட்டால் அந்த லீயின் கவுண்ட் 3 ஆகி, சராசரி 27.30-க்கு விழும், சிவி 31-ஐத் தாண்டும். மீடியன் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) மட்டும் 29.93-இல் நிற்கும். சராசரியும் மீடியனும் இப்படி விலகினால் மெஷினைக் குறை சொல்லும் முன் மின், மேக்ஸ் போட்டு அந்த எண்ணைப் பிடியுங்கள்.

பருத்தி நூல் ஈரம் குடித்தால் எடை கூடி கவுண்ட் குறைவாகக் காட்டும். மழை நாளில் எடுத்த லீயையும் சித்திரை வெயிலில் எடுத்ததையும் ஒரே வரிசையில் கலக்க வேண்டாம். லேபில் 65% ஈரப்பதத்தில் நூலை ஆறவிட்டு எடை போடுங்கள்.