வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒரே வீட்டில் இருந்தால்

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். கட்டில் ஓரம் உட்கார்ந்ததும், "இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்பேன். மஞ்சப்பை, பிஸ்கட் டப்பா, தலையணை அடி என்று எங்கிருந்தெல்லாமோ வரும். அவற்றை மூன்றாகப் பிரிப்பேன். நீங்களும் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது பாராசிட்டமால், டைக்ளோபினாக், ஐபுபுரூபன். இவை மூச்சை அமர்த்தாது. பின்னவை இரண்டும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். டிரமடால் மாத்திரை சிலவற்றுக்குள்ளேயே 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கும், காய்ச்சலுக்குத் தனியாகப் போடுமுன் கூட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம் உச்சம். உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

இரண்டாவது டிரமடால், டேபன்டடால், மார்பின், கோடீன் கலந்த இருமல் மருந்து. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் (மருந்து பிடித்துக்கொள்ளும் இடங்களில்) ஒட்டிக்கொண்டு வலியை அடக்குபவை. அதே ஏற்பிகள் குடலிலும், மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் உண்டு. அதனால்தான் மலம் கட்டுகிறது, அளவு மீறினால் மூச்சு தளர்கிறது. ஆரம்பத்து மயக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது, முதல் நாளே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். வலிப்பு வந்தவர் என்றால் டிரமடாலுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மார்பின் என்றதும் "கடைசி மருந்து" என்று பயந்து ஒளித்துவைக்கிறார்கள். வேண்டாம். சரியான அளவில் கொடுத்தால் மனிதர் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார். வலியில் துடிக்கவிடுவதுதான் கொடுமை.

மூன்றாவது தூக்க மாத்திரைகள்: அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம். மூளையைத் தணிக்கும் காபா என்னும் ரசாயனத்தின் வேலையை இவை கூட்டும். சாராயமும் அப்படித்தான். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் மூச்சு நின்றேபோகலாம். இந்த ஆபத்தைக் கட்டம் கட்டி அச்சிடச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் உத்தரவிட்டது. டாக்டர் தெரிந்தே இரண்டையும் எழுதியிருந்தால் அவர் சொன்ன அளவு, அவர் சொன்ன நேரம் மட்டும். எழுதியவர்கள் வேறு வேறு டாக்டர்கள் என்றால், ஒருவர் சீட்டை மற்றவரிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "வலி தாங்கல, ஒரு கட்டிங் மட்டும்" என்று கேட்டாலும் இணங்காதீர்கள்.

மருந்து புதிதாகத் தொடங்கும்போதும் அளவு கூடும்போதும், தூங்குகிறவர் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சாதாரணம். மூச்சு 10க்குக் கீழே இறங்கி, உலுக்கியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் உடனே 108. இவை எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுப்பியும் எழாததே போதும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். எதைப் போட்டார் என்று டாக்டருக்குத் தெரிய மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள்: நலாக்சோன் ஊசி மார்பினை முறிக்கும், தூக்க மாத்திரையை முறிக்காது.

பயந்துபோய் நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் கூடாது. பல வாரம் போட்ட அல்பிரசோலத்தை ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மெதுவாகக் கரையும் மார்பின் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்காதீர்கள், பல மணி நேரத்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்க முடியாவிட்டால் வேறு வடிவம் கேளுங்கள். மீந்த மாத்திரையைப் பாட்டியின் முட்டி வலிக்குக் கொடுக்காமல் பூட்டிவையுங்கள்.