வயசான பூனைக்கு சுகர், நாங்க சமாளிச்ச விதம்

எங்க பூனை ஓயாம தண்ணி குடிச்சுது, நல்லா சாப்பிட்டும் எளைச்சுக்கிட்டே வந்துச்சு, டாக்டர் ரத்தம், யூரின் பாத்துட்டு டயபடிஸ்னுட்டாங்க. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவ இன்சுலின், அது சாப்பிடுறப்பவே தோலைத் தூக்கி ஊசி போட்டா பெருசா கண்டுக்காது பாவம். சிரிஞ்ச்ல மட்டும் ரொம்ப கவனம்ங்க, யூ-40 (ஒரு மில்லியில 40 யூனிட்) இன்சுலினுக்கு யூ-40 சிரிஞ்சுதான், யூ-100 சிரிஞ்சுல எடுத்தா டோஸே மாறிடும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு கார்போ கம்மியான வெட் ஃபுட்டுக்கு மெதுவா மாத்தினோம், ஏன்னா சாப்பாடு மாறுனா இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். க்ளினிக்ல பயத்துலயே சுகர் ஏறிடும், அதனால வீட்டுலயே காது ஓரத்துல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டர்ல பாக்குறோம். சாப்பிடலைன்னா ஊசிக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் பண்ணிடுங்க. இன்சுலினால சுகர் ரொம்ப இறங்கித் தள்ளாடினா ஈறுல குளுக்கோஸ் சிரப் தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். இப்போ எடை ஏறிடுச்சு, பழையபடி ஜன்னல் மேல தாவுது.