சிவி, ரெஸ்யூமே, கவர் லெட்டர்: நான் செய்து, இன்னும் பலர் செய்துகொண்டிருக்கும் தவறுகள்

போன மாதம் ஒரே வேலைக்கு வந்த நாற்பது விண்ணப்பங்களை உட்கார்ந்து படித்தேன். ரெஸ்யூமே கேட்டிருந்தோம். ஒருவர் பதினொரு பக்கம் அனுப்பியிருந்தார். முதலில் எரிச்சல் வந்தது, அப்புறம் சிரிப்பு. பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதே தவறைத்தான் செய்தேன். எழுத்துப்பிழை, பழைய போன் நம்பர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

பெயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

சிவி என்பதன் விரிவு 'கரிகுலம் வீட்டே'. லத்தீனில் வாழ்க்கையின் ஓட்டம் என்று பொருள். ரெஸ்யூமே பிரெஞ்சுச் சொல், பொருள் 'சுருக்கம்'. முன்னது முழுக் கணக்கு. படிப்பு, கட்டுரைகள், கருத்தரங்கு, கற்பித்த பாடங்கள் என்று வருடா வருடம் நீளும். பின்னது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பொறுக்கி எடுத்த ஒன்றிரண்டு பக்கம்.

சிக்கல் எங்கே என்றால், எல்லா ஊரிலும் இந்தப் பெயர்களுக்கு ஒரே அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் சிவி என்றால் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி போன்ற இடங்களுக்கான நீண்ட ஆவணம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சாதாரண அலுவலக வேலைக்கே சிவிதான் கேட்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது இரண்டு பக்கம். அதனால் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதோடு, யார் கேட்கிறார்கள் என்றும் பாருங்கள்.

சிவியைக் கசக்கி ரெஸ்யூமே ஆக்குவது

இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு, ஒரு நிறுவன வேலைக்கு விண்ணப்பித்தேன். கையில் ஆறு பக்கச் சிவி இருந்தது. இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எழுத்தின் அளவை எட்டாகக் குறைத்தேன், ஓரங்களை ஒட்டக் கத்தரித்தேன், வரி இடைவெளியை நெருக்கினேன். ஆறு பக்கமும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது! பெருமையோடு அனுப்பினேன். பதிலே இல்லை.

ஒரு வருடம் கழித்து, அந்தத் தேர்வுக் குழுவில் இருந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தபோது கேட்டேன். "உங்களுக்குக் கணினி நிரல் எழுதத் தெரியுமா என்று மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தேடினேன், கிடைக்கவில்லை" என்றார். எனக்கு நன்றாகவே தெரியும். கூடத்தில் வாராந்திர அறிக்கை தயாரிக்க இரண்டு நாள் ஆகும். அதை அரை மணி நேரத்தில் முடிக்க பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதியவனே நான்தான். ஆனால் அது கட்டுரையும் இல்லை, கருத்தரங்கும் இல்லை. அதனால் என் சிவியில் அதற்கு இடமே இருக்கவில்லை. இல்லாத ஒன்றை எவ்வளவு கசக்கினாலும் எப்படி வரும்?

அதே மூன்று வருடம் ஒவ்வொரு ஆவணத்திலும் எப்படி வந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

சிவியில்: "ஆராய்ச்சி உதவியாளர், மூன்று ஆண்டுகள். தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு. இரண்டு கட்டுரைகளின் இணையாசிரியர்."

ரெஸ்யூமேயில்: "இரண்டு நாள் பிடித்த வாராந்திர அறிக்கையை அரை மணி நேரத்தில் முடிக்கும் பைத்தான் நிரல் எழுதினேன்."

கவர் லெட்டரில், அதாவது ரெஸ்யூமேயோடு சேர்த்து அனுப்பும் கடிதத்தில்: "அறிக்கைகளைக் கையால் தொகுப்பதிலிருந்து விடுபட வேண்டும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தலைவலி எங்கள் குழுவுக்கும் இருந்தது. அதைத் தீர்க்க நான் செய்தது இது."

வேலை ஒன்றுதான், கேள்வி வேறு வேறு. இதுவரை என்னென்ன செய்தாய் என்று சிவி கேட்கிறது. இந்த வேலையைச் செய்ய முடியுமா என்பது ரெஸ்யூமேயின் கேள்வி. ஆகவே ரெஸ்யூமேயை வெற்றுத் தாளில் தொடங்குங்கள். விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், சிவியை மூடி வையுங்கள்.

கவர் லெட்டரில் ரெஸ்யூமேயையே திரும்ப ஒப்பிப்பது

1482 வாக்கில் லியொனார்டோ டாவின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதத்தை உலகின் முதல் ரெஸ்யூமே என்று பலர் பகிர்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கவர் லெட்டர். எடுத்துச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக்கான உத்திகள், பீரங்கிகள் என்று உங்களுக்கு இதையெல்லாம் செய்து தருவேன் என வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஓவியம் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. படிப்பவருக்கு அப்போது தேவைப்பட்டது போர்க்கருவிகள்.

நமக்கு வரும் கடிதங்களோ "நான் இன்ன பட்டம் பெற்றேன், பிறகு இன்ன இடத்தில் சேர்ந்தேன்" என்று ரெஸ்யூமேயையே வாக்கியங்களாக நீட்டுகின்றன. ஒரு பக்கம் போதும், அதுவும் அவர்களுடைய தேவையிலிருந்து தொடங்கட்டும்.

பயோடேட்டா அனுப்புவது

கேட்டால் மட்டும். திருமண நிலை, மதம், தந்தை பெயர் எதுவும் ரெஸ்யூமேக்கு வேண்டாம்.

படம் ஒட்டுவது

ஜெர்மனியில் இன்னும் வழக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேண்டாம்.

எல்லாம் எழுதிவைக்கும் கோப்பு இல்லாமல் இருப்பது

யாருக்கும் அனுப்பாத, உங்களுக்கு மட்டுமான ஒரு நீண்ட கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். என் நிரல் மாதிரி எந்தத் தலைப்பிலும் சேராத வேலைகளையும் செய்த வாரமே அதில் குறித்துவிடுங்கள். அடுத்த ரெஸ்யூமேக்கு அங்கிருந்துதான் பொறுக்க வேண்டும்.

அந்தப் பதினொரு பக்கக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் பக்கத்தில், 'பிற' என்ற தலைப்பின் கீழே, ஒரே வரியில், நாங்கள் தேடிய வேலையை அவர் ஏற்கெனவே செய்து முடித்தது இருந்தது. பட்ட அனுபவத்தால் நான் அதுவரை படித்தேன். குழுவில் மற்ற இருவரும் மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டார்கள்.